மாதுளை பாட்டிலுக்குள் ஏன் கறுக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பகுதி மாதுளைக் கணுத் துண்டைப் பாட்டிலில் வளர்த்துக் கன்றாக்கும் திசு வளர்ப்பைப் பற்றியது. வாழையில் கைதேர்ந்த ஆய்வகங்கள்கூட மாதுளையில் திணறுகின்றன. வாழை சதைப்பற்றான செடி, மாதுளை கட்டைச்செடி. இரண்டுக்கும் ஒரே கைப்பக்குவம் செல்லாது. கேட்டவர்களில் ஆய்வகம் வைத்திருப்பவர்கள், மாணவர்கள், விவசாயிகள் என மூன்று தரப்பும் உண்டு.

கேள்வி: பகவா ரக மாதுளையில் கணுக்களை வெட்டி எம்.எஸ். மீடியாவில் (ஊட்டக் கலவையில்) வைக்கிறோம். இரண்டே நாளில் அடிப்பகுதியைச் சுற்றி மீடியா பழுப்பாகி, நான்காம் நாள் கறுத்து, கணு செத்துவிடுகிறது. பூஞ்சை எதுவும் இல்லை. ஹார்மோன் அளவு தவறா?
(சிறு ஆய்வகம் நடத்துபவர், உடுமலைப்பேட்டை)

ஹார்மோனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாதுளையின் தோலிலும் தண்டிலும் டானின் வகைப் பொருள்கள் ஏராளம். தோலைக் கொதிக்க வைத்துச் சாயம் எடுப்பதே அவற்றை நம்பித்தான். குச்சியை வெட்டியதும் உடைந்த செல்களிலிருந்து பீனால்கள் கசிகின்றன; பாலிபீனால் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் நொதிகளும் காற்றும் சேர்ந்து அவற்றைக் குயினோன்களாக மாற்றுகின்றன. கருப்பு நிறம் அதுதான். அந்தக் குயினோன்கள் அங்கேயே தேங்கி, வெட்டுவாயில் உள்ள உயிருள்ள திசுவையும் கொல்கின்றன. ஆகவே கசிவைக் குறைக்க வேண்டும், கசிந்தது ஆக்சிஜனேற்றம் ஆகாமல் தடுக்க வேண்டும், அதையும் மீறிக் கறுத்த இடத்திலிருந்து கணுவை நகர்த்த வேண்டும்.

கசிவு எவ்வளவு என்பது குச்சியின் வயதைப் பொறுத்தது. முற்றிய, சாம்பல் பட்டை விழுந்த குச்சியை எடுத்தால் எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. தாய்ச்செடியைக் கவாத்து செய்து 30 முதல் 40 நாள் கழித்து வரும் புதுத் தளிரில் எடுங்கள். நுனியில் செந்நிறமாக இருக்கும் பகுதி மிக இளசு. அது ஸ்டெரிலைசேஷனில் வெந்துவிடும். அதை விட்டுவிட்டு, நுனியிலிருந்து மூன்றாவது முதல் ஆறாவது கணு வரை எடுங்கள். குச்சி பச்சையாக, தொட்டால் நான்கு பட்டையாகத் தெரியும், ஈர்க்குத் தடிமன் இருக்கும், வளைத்தால் வளையும். அந்த நான்கு பட்டையும் மறைந்து உருண்டையாகத் தொடங்கிய இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டிய குச்சிகளை வெறும் தண்ணீரில் போடாமல், லிட்டருக்கு 100 மி.கி. அஸ்கார்பிக் அமிலமும் 50 மி.கி. சிட்ரிக் அமிலமும் கலந்த குளிர்ந்த நீரில் வையுங்கள். லேமினாரில் (தூய காற்றோட்ட மேசையில்) கணுவை இறுதியாக நறுக்குவதும் இதே கரைசலுக்குள்தான் நடக்க வேண்டும். அதற்கான கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்துத் தொற்றுநீக்கிக் கொள்ளுங்கள். மழுங்கிய பிளேடால் வெட்டுவாயை நசுக்காதீர்கள். நசுங்கிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் கூடுதல் கசிவு. பத்துப் பதினைந்து வெட்டுக்கு ஒருமுறை பிளேடை மாற்றும் செலவு, சாகும் கணுக்களின் விலைக்கு ஒன்றுமே இல்லை.

மீடியாவிலும் 100 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கலாம். அது சூட்டில் சிதையும் பொருள் என்பதால், ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவித் தொற்றுநீக்கம்) ஆன பிறகு, மீடியா கையில் பிடிக்கும் சூட்டுக்கு வந்ததும் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். பலர் ஆட்டோகிளேவுக்கு முன்பே போட்டுவிட்டு, பலனில்லை என்கிறார்கள். பீனாலைப் பிடித்துவைக்கும் பி.வி.பி. என்றால் லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம், அதைச் சூடாக்கலாம்.

செயற்படு கரி எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. லிட்டருக்கு 2 கிராம் போட்டால் மீடியா கறுப்பதே கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் மீடியாவே கறுப்பு! பீனாலை உறிஞ்சும் கரி உங்கள் பி.ஏ.பி. என்ற தளிர் ஹார்மோனையும் சேர்த்து உறிஞ்சிவிடும். மொட்டு விரியும் கட்டத்தில் கரி வேண்டாம். வேர் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது இடமாற்றம். வைத்து 24 மணி நேரத்துக்குள் முதல் முறை, பிறகு மூன்றாம் நாள், ஆறாம் நாள் என்று மூன்று முறை புது மீடியாவுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அடியில் கறுத்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் சீவி விடுங்கள். முதல் வாரம் இருட்டில் வையுங்கள், வெளிச்சம் இந்த ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். இந்தக் கட்டத்துக்குப் பாட்டில் வேண்டாம், ஒரு டெஸ்ட் டியூபுக்கு ஒரு கணு போதும். ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும்.

கேள்வி: 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடில் (பாதரசத் தொற்றுநீக்கியில்) 8 நிமிடம் வைத்தால் பாதிக்குப் பாதி பூஞ்சை பிடிக்கிறது. 15 நிமிடம் வைத்தால் தொற்றே இல்லை, ஆனால் ஒரு மொட்டும் விரியவில்லை. இடையில் எந்த நிமிடம் சரி?
(ஆய்வக மேற்பார்வையாளர், ஓசூர்)

நிமிடத்தைத் தேடுவதை விட்டுவிட்டுத் தாய்ச்செடியைப் பாருங்கள். தோட்டத்தில் நிற்கும் செடியிலிருந்து, அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எடுத்த குச்சியை எந்த ரசாயனமும் முழுதாகச் சுத்தம் செய்யாது. கணுவில் இலைக்காம்பின் இடுக்கிலும் மொட்டுச் செதிலுக்கு அடியிலும் காற்றுக் குமிழி நிற்கும். கரைசல் அங்கே போகவே போகாது.

தேர்ந்தெடுத்த செடிகளைப் பெரிய தொட்டிகளில் பாலித்தீன் கூரைக்குக் கீழே வையுங்கள். தண்ணீர் சொட்டுநீரில் வேருக்கு மட்டும்; இலை நனையக்கூடாது. கவாத்து செய்தபின் பத்து நாளுக்கு ஒருமுறை காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், குச்சி எடுப்பதற்கு மூன்று நான்கு நாள் முன்பு கார்பென்டசிம் லிட்டருக்கு 1 கிராம். பனி உலர்ந்த பின், காலை பத்து மணிக்கு மேல் குச்சி எடுங்கள்.

ஆய்வகத்தில், இலையை நீக்கும்போது காம்பில் இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அது மொட்டுக்குக் கவசம். குழாய்த் தண்ணீரில் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். ட்வீன்-20 லிட்டருக்குச் சில சொட்டு கலந்து பத்து நிமிடம் குலுக்கிக் கழுவுங்கள்; காற்றுக் குமிழியை உடைப்பது இந்த ட்வீன்தான். கார்பென்டசிம் 0.1 சதவீதத்தில் 20 நிமிடம். லேமினாருக்குள் 70 சதவீத ஆல்கஹாலில் 30 நொடி, அதற்கு மேல் வேண்டாம். பிறகு மெர்குரிக் குளோரைடு 0.1 சதவீதம் 5 முதல் 6 நிமிடம், விடாமல் ஆட்டியபடி. கிருமியற்ற நீரில் ஐந்து முறை அலசுங்கள். கடைசியாக இரு முனைகளிலும் வெளுத்த பகுதியை நறுக்கி எறியுங்கள். அதை விட்டுவிட்டால் அந்த வெளுத்த திசு மீடியாவை உறிஞ்சாது, மொட்டு பட்டினி கிடக்கும். உங்கள் 15 நிமிடக் கணுக்கள் விரியாததற்குப் பாதரச நஞ்சோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முடிந்தால் பாதரசத்தையே விட்டுவிடுங்கள். தாய்ச்செடி கூரைக்குள் இருந்தால் 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 10 முதல் 12 நிமிடம் போதும். கேனில் 4 சதவீதம் என்று போட்டிருந்தால் 250 மி.லி. எடுத்து 750 மி.லி. தண்ணீர் சேர்க்க வேண்டும். திறந்து பல மாதம் ஆன கேனில் சதவீதம் இறங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பாதரசம் பயன்படுத்தினால் கழுவிய நீரை சிங்க்கில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

தொற்று எப்போது தெரிகிறது என்று குறித்து வையுங்கள். மூன்று நாளுக்குள் பஞ்சு மாதிரி கிளம்பினால் குச்சியின் மேற்பரப்பிலிருந்து வந்த பூஞ்சை. மீடியாவின் நடுவில், கணுவுக்குத் தொடர்பில்லாத இடத்தில் வந்தால் உங்கள் கை, லேமினார், அல்லது ஆட்டோகிளேவ். மூன்றாம் நான்காம் வாரத்தில் கணுவின் அடியில் பால் கலங்கியது போல ஒரு வளையம் தெரிந்தால் அது திசுவுக்குள்ளேயே இருந்த பாக்டீரியா. அதை மேல்கழுவலில் போக்க முடியாது; அந்தக் கணுவிலிருந்து வந்த வரிசை முழுவதையும் கழித்துவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் போட்டு அமுக்கி வைத்தால், கன்றை வெளிக்காற்றுக்குப் பழக்கிக் கடினப்படுத்தும் நேரத்தில் பன்மடங்காகத் திரும்பி வரும்.

கேள்வி: மாதுளைக்கு எம்.எஸ். மீடியா நல்லதா, கட்டைச்செடிகளுக்கான டபிள்யூ.பி.எம். மீடியா நல்லதா? எங்கள் துறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
(முதுகலை மாணவி, கோவை)

எம்.எஸ். என்பது 1962ல் முராஷிகேயும் ஸ்கூகும் புகையிலைத் திசுவுக்காக வகுத்தது. வேகமாக வளரும் சதைத் திசுவுக்கு அது விருந்து. டபிள்யூ.பி.எம். 1980ல் லாய்டும் மெக்கவுனும் அமெரிக்க மலைப்பகுதிக் கட்டைச்செடியான கால்மியாவுக்காக உருவாக்கியது. உப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அம்மோனியம் நைட்ரேட் எம்.எஸ்.ஸில் லிட்டருக்கு 1650 மி.கி., டபிள்யூ.பி.எம்.மில் 400 மி.கி. மொத்த நைட்ரஜன் அங்கே 60 மில்லிமோல், இங்கே 15க்குச் சற்றுக் குறைவு. கால்சியம் இரண்டிலும் ஏறத்தாழ 3 மில்லிமோல்தான், ஆனால் டபிள்யூ.பி.எம்.மில் பெரும்பகுதி கால்சியம் நைட்ரேட்டாக வருகிறது. அதனால் குளோரைடு குறைவு.

அம்மோனியம் அதிகமானால் கட்டைச்செடிகளின் தளிர் நீர்கோத்துக் கண்ணாடி போலாகும் வாய்ப்பு கூடும். ஆகவே தொடக்கத்துக்கும் பெருக்கத்துக்கும் டபிள்யூ.பி.எம்.மில் ஆரம்பிப்பது நல்லது. இலை வெளிறினால், நைட்ரஜன் போதவில்லை என்று பொருள். அம்மோனியம் நைட்ரேட்டை 600, 800 என்று ஏற்றிப் பாருங்கள். முழு எம்.எஸ்.ஸுக்குத் தாவ வேண்டாம். எம்.எஸ்.ஸிலேயே நல்ல பலன் எடுத்த ஆய்வுக் கட்டுரைகளும் உண்டு. அது ரகத்தையும் அவர்கள் எடுத்த கணுவையும் பொறுத்தது.

ஒரு செய்முறைக் குறிப்பு. டபிள்யூ.பி.எம். ஸ்டாக் (அடர் கரைசல்) தயாரிக்கும்போது கால்சியம் நைட்ரேட்டையும் பொட்டாசியம் சல்பேட்டையும் ஒரே பாட்டிலில் அடர்த்தியாகக் கலந்தால் ஜிப்சம் படிந்து அடியில் வெள்ளையாக உட்காரும். கால்சியம் தனி, சல்பேட் தனி, பாஸ்பேட் தனி, இரும்பு ஈ.டி.டி.ஏ. தனியாகப் பழுப்பு பாட்டிலில்.

கேள்வி: ஒரு கணுவுக்கு இரண்டு தளிர்தான் வருகிறது. பி.ஏ.பி.யை லிட்டருக்கு 1 மி.கி.யிலிருந்து 4 மி.கி.க்கு ஏற்றினோம். தளிர் எண்ணிக்கை கூடியது, ஆனால் எல்லாம் குட்டையாக, கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதற்கு மேல் எப்படிப் பெருக்குவது?
(திசு வளர்ப்பு நிறுவனத் தொழில்நுட்பர், ஈரோடு)

ஏற்றியதை இறக்குங்கள். திசு வளர்ப்பில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஆசையால்தான்.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கணுவில் தொடங்கி, சுற்றுக்கு 3 மடங்கு பெருகி, எதுவும் வீணாகாவிட்டால் ஐந்து சுற்றில் 2,430 தளிர். அதே 3 மடங்கில் சுற்றுக்கு 20 சதவீதம் தொற்றில் போனால் உண்மையான பெருக்கம் 2.4 மடங்கு, ஐந்து சுற்றில் சுமார் 800. மூன்றில் ஒரு பங்கு! இப்போது ஹார்மோனை ஏற்றி 4 மடங்கு ஆக்குகிறீர்கள், ஆனால் அதில் 40 சதவீதம் கண்ணாடித் தளிராகி உதவாமல் போகிறது, தொற்று அதே 20 சதவீதம் என்று வையுங்கள். 4 × 0.6 × 0.8 = 1.92 மடங்கு; ஐந்து சுற்றில் 260 சொச்சம்தான். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் பசேலென்று நிறைந்திருக்கும். கடைசியில் கன்று இருக்காது. எண்ண வேண்டியது 2 செ.மீ.க்கு மேல் நீண்ட, இலை விரிந்த, உறுதியான தளிரை மட்டும்.

தொடக்கத்துக்கு பி.ஏ.பி. 1 மி.கி.யுடன் வேர் தூண்டும் ஹார்மோனான என்.ஏ.ஏ. 0.1 மி.கி. போதும். பெருக்கச் சுற்றில் பி.ஏ.பி.யை 0.5 முதல் 1 மி.கி.க்குள் வைத்து, அடினின் சல்பேட் 30 முதல் 40 மி.கி. சேருங்கள். இரண்டு சுற்று பெருக்கத்துக்குப் பிறகு ஒரு சுற்று பி.ஏ.பி.யை 0.25 மி.கி.க்கு இறக்கினால் குட்டையாக நின்றவை நீளும். திசுவில் சேர்ந்துவிட்ட சைட்டோகைனின் (பி.ஏ.பி. வகை ஹார்மோன்) அடுத்த சுற்றுக்கும் தொடர்ந்து வேலை செய்யும் என்பதால், இடையில் இப்படி ஓய்வு தருவது வேர் பிடிக்கவும் உதவும். இன்னும் வீரியமான டி.டி.இசட். பக்கம் போக வேண்டாம், 0.05 மி.கி.யே மாதுளையில் கொத்தாக ஒட்டிய, நீளாத தளிர்களைத் தந்துவிடலாம்.

இவை தொடக்க எண்கள்தான். கணேஷ் ரகத்துக்குப் பொருந்துவது பகவாவுக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் ரகத்துக்கு 0, 0.5, 1, 2 மி.கி. என்று நான்கு அளவு, அளவுக்கு 20 பாட்டில், வேறு எதையும் மாற்றாமல் இரண்டு சுற்று ஓட்டுங்கள். ஒரே சுற்றில் முடிவு கட்டாதீர்கள், முதல் சுற்றில் தெரிவது பழைய மீடியாவின் பாதிப்பாகவும் இருக்கும்.

கண்ணாடித் தன்மைக்கு ஹார்மோன் மட்டும் காரணமல்ல. அகார் லிட்டருக்கு 6 கிராமாக இருந்தால் 8 ஆக்குங்கள். ஊற்றும்போது பி.எச். 5.8 வைத்தாலும் ஆட்டோகிளேவில் இறங்கும், 5.2க்குக் கீழே போனால் அகார் சரியாக உறையாது, தளிர் தண்ணீரில் நிற்கும். பாட்டிலின் உட்சுவரில் நீர்த்துளி வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் ரேக்கின் விளக்குச் சூடு அடியிலிருந்து பாட்டிலைச் சுடவைக்கிறது. விளக்குக்கும் மேல்தட்டுக்கும் இடையே காற்று போக வழி செய்யுங்கள்.

மொட்டிலிருந்து நேரடியாக வரும் தளிரை மட்டும் பெருக்குங்கள். அடியில் காலஸ் (உருப்பெறாத திசு) கட்டியாகத் திரண்டு அதிலிருந்து வரும் தளிரை எடுக்கவே வேண்டாம். ரகத்தின் குணம் மாறும் அபாயம் அங்கேதான். ஒரு தொடக்கக் கணுவிலிருந்து ஏழெட்டுச் சுற்றோடு நிறுத்தி, புதுக் கணுவில் மறுபடி தொடங்குங்கள்.

கேள்வி: மூன்றாவது வாரம் வரை நன்றாக இருக்கும் தளிர் திடீரென இலை உதிர்த்து, நுனி கருகிவிடுகிறது.
(ஆய்வக உதவியாளர், மதுரை)

இரண்டும் தனித்தனிக் கோளாறு, ஒன்றாக வருகின்றன. இலை உதிர்வது எத்திலீன் வாயுவால். இறுக மூடிய பாட்டிலில் தளிர் வெளிவிடும் எத்திலீன் சேர்ந்துகொண்டே போகும். நுனி கருகுவது கால்சியம் போதாமல். மீடியாவில் கால்சியம் இருந்தாலும், பாட்டிலுக்குள் காற்று ஈரத்தால் நிறைந்திருப்பதால் இலை நீரை ஆவியாக்குவதில்லை. நீரோட்டம் இல்லாவிட்டால் கால்சியம் நுனிக்கு ஏறாது. அதனால்தான் கால்சியத்தை மட்டும் கூட்டிய பலர் பலன் காணவில்லை.

இரண்டுக்கும் பொதுவான மருந்து காற்றோட்டம். வடிகட்டி ஒட்டிய மூடிகள் கிடைக்கின்றன. விலை கூடுதல் என்றால் பாட்டிலைச் சுற்றி இறுக்கும் பாராஃபிலிம், கிளிங் ஃபிலிம் சுற்றுகளைக் குறைத்து, பஞ்சடைப்பு டியூபில் சோதித்துப் பாருங்கள். காற்றோட்டம் கூடினால் மீடியா சீக்கிரம் காயும், அதற்கேற்பச் சற்று அதிகம் ஊற்ற வேண்டும். நான்கு வாரம் வரை காத்திராமல் 21 முதல் 25 நாளில் சப்-கல்ச்சர் செய்யுங்கள் (புது மீடியாவுக்கு மாற்றுங்கள்). இவ்வளவும் செய்த பின்னும் இலை கொட்டினால் வெள்ளி நைட்ரேட் 1 முதல் 1.5 மி.கி., வடிகட்டிச் சேர்க்கலாம். அது எத்திலீனின் செயலைத் தடுக்கும்.

கேள்வி: மளிகைக் கடைச் சர்க்கரையைப் பயன்படுத்தலாமா?
(திருச்சி)

பயன்படுத்தலாம், பெரிய ஆய்வகங்களே செய்கின்றன. லிட்டருக்கு 30 கிராம். கந்தகம் சேர்க்காமல் சுத்திகரித்த வெள்ளைச் சர்க்கரையாக வாங்குங்கள். ஒரே பிராண்டில் இருங்கள். மாற்றினால் பத்து பாட்டிலில் சோதித்துவிட்டு மாற்றுங்கள். தண்ணீரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். போர்வெல் தண்ணீர் மீடியா கணக்கையே குலைத்துவிடும்.

கேள்வி: நூற்றுக்கு எண்பது தளிர் பாட்டிலில் வேர் விடுகிறது. ஆனால் புரோட்ரேயில் (நாற்றுத் தட்டில்) வைத்தால் பாதிதான் பிழைக்கிறது. எங்கே இழக்கிறோம்?
(நாற்றங்கால் உரிமையாளர், ஒட்டன்சத்திரம்)

வேர் இருக்கிறதா என்பதோடு, அது எங்கிருந்து கிளம்புகிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு கன்றை எடுத்து, அடியை லென்ஸில் பாருங்கள். தண்டுக்கும் வேருக்கும் நடுவில் வெளுத்த, உதிரும் கட்டி இருந்தால் வேர் அந்தக் காலஸிலிருந்து முளைத்தது. விரலால் மெல்லத் தள்ளினால் கட்டியோடு கழன்று வரும். தண்டின் குழாய்களோடு அதற்கு இணைப்பே இல்லை. பாட்டிலில் இலையே நீரை உறிஞ்சிக்கொண்டு பசுமையாக நின்றது. வெளியே வந்ததும் வாடுகிறது. இதற்குக் காரணம் வேர் ஹார்மோனான ஐ.பி.ஏ. அல்லது என்.ஏ.ஏ. அளவு அதிகம். பாதி அளவு உப்பு கொண்ட மீடியாவில் ஐ.பி.ஏ. 0.5 மி.கி., சர்க்கரை 20 கிராம், கரி 2 கிராம் என்று வைத்து, அடியில் கட்டி விழுகிறதா என்று பாருங்கள். கரி ஐ.பி.ஏ.யையும் சிறிது உறிஞ்சும் என்பதால் வேர் குறைந்தால் 1 மி.கி. வரை போகலாம். வேர் நீளமாகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு செ.மீ. அளவில், வெள்ளையாக இருக்கும்போது எடுத்தால் உடையாது, நாலைந்து செ.மீ. நீண்ட வேர் அகாரைக் கழுவும்போதே முறியும்.

இன்னும் ஒரு வழி, பாட்டிலில் வேரே விடச் செய்யாமல், 3 செ.மீ. தளிரின் அடியை 500 முதல் 1000 பி.பி.எம். ஐ.பி.ஏ. கரைசலில் ஐந்து முதல் பத்து நொடி நனைத்து நேரடியாகத் தென்னை நார்த்தூளில் நடுவது. 1000 பி.பி.எம். என்றால் 100 மி.கி. ஐ.பி.ஏ.யை 50 மி.லி. ஆல்கஹாலில் கரைத்து, தண்ணீர் சேர்த்து 100 மி.லி. ஆக்குவது. ஒரு முழுக் கட்டத்தின் மீடியா செலவு மிச்சம். ஆனால் ஈரப்பத அறை நம்பகமாக இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். ஒருநாள் மதியம் மின்சாரம் போனால் எல்லாம் போகும்.

அடுத்த இழப்பு முதல் பத்து நாளில். பாட்டிலுக்குள் உருவான இலையில் மெழுகுப் படலம் மிக மெலிது, இலைத்துளைகள் மூடத் தெரியாமல் திறந்தே கிடக்கும். வெளிக்காற்றில் அரைமணி நேரத்தில் சுருண்டுவிடும். நாற்றங்காலுக்குக் கொண்டுபோவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே, வளர்ப்பறையில் மூடியைத் தளர்த்தி வையுங்கள். எடுத்தபின் வெதுவெதுப்பான நீரில் அகாரைத் துளியும் விடாமல் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் அகாரில் உள்ள சர்க்கரைதான் பூஞ்சைக்கு முதல் சாப்பாடு. லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிமில் ஐந்து நிமிடம் வைத்து நடுங்கள்.

தென்னை நார்த்தூளில் உப்புக்கடத்துதிறன் 0.5 மில்லிசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் கட்டிகள் பல நேரம் இதைவிட மிக அதிகமாக இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, அளந்த பிறகே நிரப்புங்கள். ட்ரேக்கு மேல் பாலித்தீன் கூண்டு, அதற்கு மேல் 75 சதவீத நிழல்வலை. முதல் பத்து நாள் ஈரப்பதம் 85 முதல் 90 சதவீதம், வெப்பம் 28 டிகிரிக்குள். ஈரப்பதம் காற்றில் இருக்க வேண்டும், நார்த்தூளில் சொதசொதப்பு இருக்கக்கூடாது. ஒரு பிடியைப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. பதினோராம் நாளிலிருந்து காலை ஒரு மணி நேரம் கூண்டைத் திறந்து, தினமும் கூட்டிக்கொண்டே போங்கள்.

பழைய இலைகள் மஞ்சளாகி விழுந்தால் பதற வேண்டாம், அவை எப்படியும் போகும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நுனியில் சிறு செந்நிற இலை விரிகிறதா என்று பாருங்கள். அந்த இலை வந்த கன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகுதான் உரம்: 19:19:19 லிட்டருக்கு அரை கிராம், வாரம் இருமுறை. பையில் மாற்றும்போது வேர் உட்பூசண (மைக்கோரைசா) கலவை சேர்ப்பது நல்ல பழக்கம், மாதுளை அதை நன்றாக ஏற்கும். சித்திரை, வைகாசி வெயிலில் முதல் கட்டக் கடினப்படுத்தலைத் திட்டமிடாதீர்கள். வளர்ப்பறையில் வேர் கட்டத்தை முன்னும் பின்னும் நகர்த்தி அந்த வாரங்களைத் தவிர்க்கலாம்.

கேள்வி: ஆராய்ச்சிக்கு விதையிலிருந்து வளர்த்த நாற்றின் கணு மிகச் சுத்தமாக, கறுக்காமல் வருகிறதே. அதையே பெருக்கி விற்றால் என்ன?
(சேலம்)

கூடாது. மாதுளையில் அயல் மகரந்தச் சேர்க்கை உண்டு. ஒரு பழத்தின் விதைகள்கூட ஒரே மாதிரி வராது. கைப்பழக்கத்துக்கும் மீடியா சோதனைக்கும் நாற்றுக் கணு சரி. ஆனால் அதில் கிடைத்த எண்களை முதிர்ந்த செடிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இளம் நாற்றின் திசு எளிதில் ஒத்துழைக்கும்.

கேள்வி: திசு வளர்ப்பு மாதுளைக்குப் பாக்டீரியா கருகல் வராது என்று சொல்லி, பதியக் கன்றைவிட அதிக விலை கேட்கிறார்கள். உண்மையா? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
(விவசாயி, தாராபுரம்)

வராது என்பது பொய். மகாராஷ்டிரத்தில் ‘தெல்யா’ என்று விவசாயிகள் அஞ்சும் இந்தக் கருகல், சாந்தோமோனாஸ் பாக்டீரியாவால் வருவது. மழைச்சாரல், கவாத்துக் கத்தரி, நோயுற்ற கன்று ஆகியவற்றால் பரவுகிறது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அது பயணம் செய்வது முக்கியமாகக் கன்று மூலம். நோய் தெரியாமல் உள்ளே இருக்கும் செடியில் விண்பதியம் போட்டால் நோயையும் சேர்த்து வாங்குகிறீர்கள். முறையாகப் பரிசோதித்த திசு வளர்ப்புக் கன்று நோயில்லாமல் உங்கள் தோட்டத்துக்குள் வரும், அவ்வளவுதான். எதிர்ப்புத் திறன் ரகத்தில் இருக்க வேண்டும், பாட்டிலில் வராது. பக்கத்துத் தோட்டத்தில் கருகல் இருந்தால் உங்கள் கன்றுக்கும் வரும்.

நோயில்லாமல் தொடங்குவதற்கு நியாயமான கூடுதல் விலை கொடுக்கலாம். அதற்கு ஆதாரம் கேளுங்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றிதழ் முறையை நடத்துகிறது. விற்பவரின் ஆய்வகம் அதில் அங்கீகாரம் பெற்றதா, உங்களுக்குத் தரும் தொகுதியின் எண் என்ன, தாய்ச்செடியை எந்த நோய்களுக்குச் சோதித்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். சோலாப்பூரில் 2005ல் தொடங்கிய தேசிய மாதுளை ஆராய்ச்சி மையத்தின் சாகுபடிக் கையேடுகளில் கன்றுத் தேர்வு பற்றிய பகுதியையும் படித்துவிடுங்கள்.

கன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை. உயரம் 25 முதல் 30 செ.மீ., இரண்டாம் கட்டக் கடினப்படுத்தல் முடிந்து பையில் குறைந்தது இரண்டு மாதம் வளர்ந்திருக்க வேண்டும். புரோட்ரேயில் இருந்து நேராகத் தோட்டத்துக்கு வரும் விரல் நீளக் கன்றை மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்டது போல ஒளி ஊடுருவும் சிறு புள்ளி தெரிந்தால் முழுத் தொகுதியையும் மறுத்துவிடுங்கள்.

பிறகு ஒரு பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் அந்த ஒரு கன்றின் காசைக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஆய்வகத்தில் சுத்தமாக வளர்ந்த கன்று, நாற்றங்காலில் சூடேற்றாத செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய பையில் ஏறியதும் வேர்முடிச்சு நூற்புழுவைப் பிடித்துக்கொள்ளும். வேரில் கடுகு அளவு முடிச்சுகள் தெரிந்தால், சான்றிதழ் என்ன சொன்னாலும் அந்தக் கன்றைத் தோட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். நூற்புழு ஏறிய மண்ணை மறுபடி முழுதாகச் சுத்தம் செய்வது மிகக் கடினம், அந்தக் காயங்கள் வழியே வாடல் பூஞ்சையும் எளிதாக நுழையும்.